மூன்று பச்சைக் கட்டங்கள்

கதவு சாத்தப்பட்டதும் சத்தம் அத்தனையையும் யாரோ ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கோகிலவாணிக்கு முதலில் கேட்டது தன் எச்சிலைத் தானே விழுங்கும் ஓசைதான். வேனுக்குள் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு நாற்காலி, சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்பு ஸ்பாஞ்சு, முகத்துக்கு நேரே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் இம்மானுவேல் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டிவிடும்போதே சொல்லியிருந்தார்: "முதல்ல இடது காது மேடம், அப்புறம் வலது. பீப்புன்னு சத்தம் வரும். எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி, கேட்ட மாதிரி தோணினாலும் சரி, பட்டனை அழுத்துங்க. கால் மணி நேரம்தான். வேற எதையும் யோசிக்காதீங்க." கால் மணி நேரம். செல்போனைக்கூட வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினொரு வருஷமாக இந்த இரும்பு வார்க்கிற பவுண்டரியில் சேப்டி ஆபீசராக இருக்கிறாள்; காலை எட்டு மணிக்கு மேல் யாரும் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் அவள் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். முதுகைச் சாய்த்துக்கொண்டாள். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. காலையில் சாப்பிட்ட ராகி இட்லி வயிற்றில் இதமாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் இந்த வேன் வருகிறது, ஆட்களுக்குக் காது பார்க்கிறது, அவள் பட்டியலை வைத்துக்கொண்டு வெளியே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். தன் பெயரைப் பட்டியலில் எழுதியது இந்த வருஷம்தான். இத்தனை வருஷமும் அது விட்டுப்போனது. பீப். அழுத்தினாள். பீப். அழுத்தினாள். தூரத்தில் எங்கோ ஒரு குருவி தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுவது போல. அழுத்தினாள்.

இன்றைக்கு முதல் ஆளாக உள்ளே போய் வந்தவர் சென்னியப்பன். ஐம்பத்து நாலு வயது, உருகின இரும்பை அச்சில் ஊற்றுகிற ஆள், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வெளியே வந்து தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுங் கேக்கலீங் மேடம். சும்மா உக்காந்திருந்தா நல்லாருக்காதுன்னு நாலு தடவை அழுத்தி வுட்டுட்டு வந்தேன்" என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள். இம்மானுவேல் காட்டிய தாளில் அவருடைய இடது காதின் கோடு, பாதி தூரம் நேராக வந்து பிறகு கிணற்றில் கல் போட்டது மாதிரி கீழே போயிருந்தது. அந்த இடது காது. அந்தக் காதைப் பற்றி நினைக்கக் கூடாது இப்போது, பீப் வரும், யோசிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் காதுதானே. அந்தக் காதுக்குத்தானே அவள் மெமோ கொடுத்தது. போன வருஷம் ஏப்ரல் முதல் வாரம், வெள்ளைத் தாளில், கம்பெனி முத்திரை போட்டு: காது பிளக் இரண்டு காதிலும் அணிய வேண்டும், தாங்கள் இடது காதில் அணியாமல் வேலை செய்வது மூன்றாவது முறையாகக் கவனிக்கப்பட்டது. கவனிக்கப்பட்டது. அந்த வார்த்தை. பிறகு இன்னொரு தாளிலும் அதே வார்த்தையைத்தான் எழுதினாள். பீப் வந்ததா? வந்த மாதிரி இருந்தது. அழுத்தினாள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பட்டியல் உண்டு. இந்த பவுண்டரியில் நடக்கிற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, மொத்தம் நூற்று முப்பத்தாறு வரிசை. என்ன ஆபத்து என்று எழுதணும். நடந்தால் எவ்வளவு மோசம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர். எத்தனை தடவை நடக்கக்கூடும், அதற்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர். இரண்டையும் பெருக்கணும். பெரிய நம்பர் என்றால் கட்டம் தானாகச் சிவப்பாகும், நடுத்தரம் என்றால் மஞ்சள், ஐந்தும் அதற்குக் கீழும் பச்சை. சிவப்பாக இருந்தால் அதற்கு ஒரு ஏற்பாடு செய்து, செய்த ஏற்பாட்டைப் பக்கத்தில் எழுதி, மறுபடி பெருக்கணும். அப்போது நம்பர் இறங்கும், கட்டம் நிறம் மாறும். அந்த நிறம் மாறுகிற நொடி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. கோலப்பொடியைக் கடைசிப் புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி ஒரு நிறைவு. மூன்றாவது வரிசை: உருகின இரும்பில் ஈரம் படுதல். இருபது. சிவப்பு. ஆயிரத்து நானூறு டிகிரியில் இருக்கிற இரும்புக்கு அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் மாட்டினாலும் அது ஆவியாகி வெடிக்கும், இரும்பு மழையாகப் பெய்யும். ஏற்பாடு: ஊற்றுகிற இடத்தில் காய்ந்த மணல், தண்ணீர்க் குழாய் கிடையாது, எச்சரிக்கைப் பலகை. ஐந்து. பச்சை. பதினோராவது வரிசை: வெக்கையில் மயக்கம் போடுதல். பன்னிரண்டு. மஞ்சள். ஏற்பாடு: கோடை மூன்று மாசமும் தினம் இரண்டு வேளை உப்புப் போட்ட மோர், கேன்டீன் ஆள் வேலை இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கணும். மூன்று. பச்சை. பதினேழாவது வரிசை: இரைச்சலால் காது போவது. பதினைந்து. சிவப்பு. ஏற்பாடு: காது பிளக், எல்லோரும், எந்நேரமும். மூன்று. பச்சை. மூன்று வரிசையும் அவள் எழுதியதுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது, மாசக்கணக்கில், பல்லிடுக்கில் மாட்டின பாக்குத் துண்டு மாதிரி. தப்பாக ஒரு நம்பர் போட்டிருந்தால் திருத்திவிட்டுத் தூங்கியிருப்பாள்.

பீப். பீப். இடது காது நன்றாகக் கேட்கிறது. அம்மாவுக்குக்கூடக் கடைசிவரை காது பாம்புக் காது. பக்கத்து வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால் அம்மாவுக்குத் தெரியும். பீப்.

போன வருஷக் கோடையில், மெமோ கொடுத்த பிறகு, ஒரு நாள் கரண்டு போனது. எந்த வரிசையிலும் கரண்டு இல்லை; கரண்டு என்ன ஆபத்தா, அரை மணி நேரம் போகும், வரும். வழக்கமாகப் பதினொரு மணிக்கு அச்சுகளில் ஊற்றி முடிப்பார்கள், மிச்சம் இருக்கிற இரும்பைத் தரையில் மணல் பரப்பிய குழியில் கொட்டிவிட்டுக் கிரேன் திரும்பிப் போய்விடும், எல்லோரும் ஓரமாக வந்து உட்கார்ந்த பிறகு பதினொன்றரைக்கு மோர் வரும். அன்றைக்கு எல்லாம் அரை மணி தள்ளிப்போனது. மோர் மட்டும் தள்ளிப்போகவில்லை. மோர் கொண்டுவருகிறவள் வஞ்சியம்மாள், கேன்டீன் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவள், கம்பெனி ஆள் கிடையாது, அதனால் அவளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எதுவும் எடுத்ததில்லை, அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மணி பார்த்து மோர் கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுபோனாள். பெரிய எவர்சில்வர் போசி, இரண்டு கைப்பிடி. ஒரு கைப்பிடியில் ஆணி தளர்ந்திருந்தது. அதுவும் எந்த வரிசையில் இருக்கும்? போசியைக் குழியோரத்து மேடையில் வைத்து நிமிர்ந்தாள். அது சாய்ந்தது. இருபது லிட்டர் மோரும் மேடையிலிருந்து சரிந்து நேராகக் குழிக்குள் இறங்கியது, கருவேப்பிலையோடு. குழிக்கு மேலே கிரேனில் லேடில் வாளி தொங்கிக்கொண்டிருந்தது, அதில் கால் டன் மிச்ச இரும்பு. வாளியைச் சாய்க்கிற சக்கரத்தில் சென்னியப்பனின் கை. அவர் இருந்த இடத்திலிருந்து குழியின் அடி தெரியாது. அவரையும் சேர்த்து அங்கே ஆறு பேர்.

கோகிலவாணி அப்போது மாடிக் கண்ணாடி அறையில் ஒர்க்ஸ் மேனேஜர் தனபாலனோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக வஞ்சியம்மாளைப் பார்த்தாள். வாயைப் பெரிதாகத் திறந்திருந்தாள் வஞ்சியம்மாள். கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தாள் கோகிலவாணி. அதைத்தான் நினைத்தாள். பாவம், காலை நாலு மணிக்கு எழுந்திருப்பாள், கொட்டாவி வராமல் என்ன செய்யும் என்றுகூட நினைத்தாள், அவ்வளவு சாவகாசமாக. பிறகுதான் கைகள் இரண்டும் மேலே இருப்பதும் போசி உருண்டு கிடப்பதும் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடியைத் தட்டி என்ன பிரயோஜனம். கீழே உலை இரைகிறது, மணல் உதிர்க்கிற மிஷின் கடகடக்கிறது, ஆறு பேரும் காதில் பிளக் வைத்திருக்கிறார்கள், நன்றாக உள்ளே திருகி, அவள் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி. பதினேழாவது வரிசை. பச்சை. சக்கரம் கால் சுற்றுத் திரும்பியதை அவள் பார்த்தாள். வாளியின் வாய் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு அந்தக் கோடு மறைந்தது. வாளி நிமிர்ந்தது. சென்னியப்பன் இடது பக்கமாகத் தலையைத் திருப்பி, என்ன என்று கேட்கிற மாதிரி தாடையை உயர்த்தி வஞ்சியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீப்.

அழுத்தினாளா? அழுத்தியிருப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இம்மானுவேல் விரலால் வலது காதைத் தொட்டுக் காட்டினார். அடுத்தது வலது. தலையாட்டினாள். பட்டனை மடியில் துடைத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது தனக்குச் சொல்லிக்கொள்கிறாள், மாத்திரை போடுகிற மாதிரி. ஆறு பேரும் அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டார்கள். வஞ்சியம்மாள்தான் பரிமாறினாள், அப்பளத்தைக் கீழே போட்டாள். படியிறங்கி ஓடிப்போய்க் கோகிலவாணி முதலில் கேட்டது, "எப்படி அண்ணா நிறுத்தினீங்க?" என்றுதான். சென்னியப்பன் கையுறையைக் கழற்றிக்கொண்டு, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் மாதிரித் தலையைச் சொறிந்தார். "அதுங் மேடம்... இடது காதுல பிளக் வெக்கலீங். நீங்க மெமோ குடுத்தீங்கல்ல, அதே காதுதானுங். இந்தக்கா 'ஊத்தாதீங்கோ'ன்னு கத்துனது கேட்டுப்போச்சு." சொல்லிவிட்டு, "நாளையிலிருந்து வெச்சுக்கறேனுங்" என்றார்.

வலது காதில் ஒரு பீப், தடிமனாக, கார் ஹார்ன் மாதிரி. அழுத்தினாள். இன்னொன்று, கொஞ்சம் மெல்லிசு. அழுத்தினாள். அன்று சாயங்காலம் அவள் விசாரணை அறிக்கை எழுதினாள். ஊற்றும் பணியாளர் கேன்டீன் ஊழியரின் எச்சரிக்கையைக் கவனித்து உடனடியாகப் பணியை நிறுத்தினார். கவனித்து. கேட்டு என்று எழுதவில்லை. கேட்டு என்று எழுதினால், பிளக் வைத்த காதில் எப்படிக் கேட்டது என்று யாராவது கேட்பார்கள். கவனித்து என்பதில் கண்ணும் சேரும், காதும் சேரும், பொய்யும் இல்லை. மூன்று நாள் அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்து ஆட்டியது. பஸ்ஸில் வரும்போது, தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போது (ஊற்றும்போது!), தூங்கி எழுந்ததும். அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் வஞ்சியம்மாளோடு சேர்த்து ஏழு பேர் போயிருப்பார்கள். சரி, ஏழு பேரைக் காப்பாற்றினது என் பேச்சைக் கேட்காதது. அப்படியென்றால் பிளக்கைக் கழற்றச் சொல்லலாமா? கழற்றினால் காது போகும். போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு வருஷத் தாளிலும் கோடு இறங்குகிறதே. இந்த ஒரு நாள் காப்பாற்றிய காது மிச்ச நாளெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் முட்டியது. நாலாம் நாள் தனபாலனின் அறைக்குப் போய், "சார், அறிக்கையில ஒரு வார்த்தை மாத்தணும்" என்றாள்.

தனபாலன் நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஆள் ரூலை மீறினதாலதான் தப்பிச்சோம்னு எழுதி வெச்சா, வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டர் வந்து என்ன கேப்பான்? உங்க ரூலே தப்பான்னு கேப்பான்."

"கேக்கட்டுங் சார். ரூல் ஒண்ணொண்ணும் சரிதான். மூணும் ஒரே இடத்துல சந்திக்கும்னு நான் பாக்கலை. மோரு கொண்டுவரச் சொன்னது நானு, காதை அடைக்கச் சொன்னதும் நானு. அதை எழுதலைன்னா அடுத்த பவுண்டரில இதே மூணு கட்டத்தையும் யாராச்சும் பச்சை பண்ணிட்டு நிம்மதியா இருப்பாங்க."

அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உன்ற பேரும் அதுல வரும், தெரியுமல்ல?" என்றார். தெரியும் என்றாள். மாற்றி எழுதினாள். கேட்டு. அந்த ஒரு வார்த்தையைத் தட்டச்சு செய்தபோது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது, சாப்பிட்டு முடித்த மாதிரி. ஆடிட்டர் வந்தான், அவன் அதைப் படிக்கவேயில்லை, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்தாள், ஹெட்போனுக்குள் சிரிப்பு தன் மண்டைக்குள்ளேயே கேட்டது. இம்மானுவேல் தலை நிமிர்ந்து பார்த்தார். முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

மோர் இப்போது மேடைக்கு வருவதில்லை, வெளியே வேப்பமரத்தடி மேஜைக்கு வருகிறது, ஆட்கள்தான் நடந்து போகணும். மேடையைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது, யார் இழுத்தாலும் கிரேன் நிற்கும், மேலே விளக்கு சுழலும். கட்டின அன்று சென்னியப்பன் அதை நம்பவில்லை. "நாம்பாட்டுக்கு ரெண்டு காதையும் அடைச்சுட்டு இதை நம்பி நிக்கறதுங்களா?" என்று கேட்டு, வெறும் வாளியோடு கிரேனை ஓட்டச்சொல்லி, தானே வெவ்வேறு மூலையிலிருந்து இழுத்துப் பார்த்தார். முப்பது தடவை. பத்தொன்பதாவது தடவை நிற்கவில்லை. கயிறு ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. அந்த போல்ட்டை அறுத்து எடுத்த பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். முப்பது வந்ததும் பாக்கெட்டிலிருந்து பிளக்கை எடுத்து, ஊதிவிட்டு, இடது காதில் வைத்துக்கொண்டார். "அந்த மெமோவைத் திருப்பிக் குடுங்கண்ணா, கிழிச்சுப் போட்டுடறேன்" என்று அவள் சைகையும் கத்தலுமாகச் சொன்னாள். அவர் மறுபடி பிளக்கைக் கழற்றிக் கேட்டுக்கொண்டு, "அதெதுக்குங்? ரூலுன்னு ஒண்ணு இருந்தா மெமோவும் இருக்கோணுமில்ல. இருந்துட்டுப் போகட்டுங்" என்றார். கொடுக்கவே இல்லை. வீட்டில் பீரோவில் வைத்திருப்பார் போல.

சத்தமே வரவில்லையே. எவ்வளவு நேரமாக வரவில்லை? பீப் வந்து, தான் கேட்காமல் விட்டோமா, அல்லது அவர் இன்னும் அனுப்பவில்லையா? கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இம்மானுவேலின் கை குமிழில் இருந்தது, திருகிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் வருகிறது. வருவது தனக்குக் கேட்கவில்லை.  இல்லை, இதோ, ஏதோ ஒன்று, ஙீ என்று மெல்லிசாக, அழுத்தினாள். ஆனால் அது நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது, பீப் என்றால் நிற்குமே, இது ராத்திரி படுத்தால் கேட்கிற அதே ஙீ அல்லவா, கொசு என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, ஆல்அவுட் மாற்றினாளே. நாலாயிரம். இரைச்சலில் முதலில் போவது நொடிக்கு நாலாயிரம் தடவை அதிர்கிற கீச்சுச் சத்தம்தான் என்று அவளே வகுப்பில் படம் போட்டுக் காட்டுவாள். அழுத்தினாள். எதற்கென்று தெரியாமல் இன்னொரு தடவை அழுத்தினாள். ஏன் வலது காது? ஏன் வலது என்று கேட்டதுமே கை தானாக எழுந்து வலது காதுப் பக்கம் போனது, பிளக்கை எடுக்கிற மாதிரி, இரண்டு விரலைச் சேர்த்து. அந்தப் பழக்கத்தைப் பார்த்து அவளே அசந்துபோனாள். உள்ளே நடந்து போகும்போது யாராவது கூப்பிட்டால் வலது பிளக்கைக் கழற்றுவாள். சென்னியப்பன் பேசினால் கழற்றுவாள், கிரேன்காரர் பேசினால் கழற்றுவாள், மணல் ரூமில் வேலை பார்க்கிற பெண்கள் புருஷன் கதை சொன்னால்கூடக் கழற்றிவிட்டுத்தான் கேட்பாள், அவர்கள் பேச்சின் நடுவில்தானே, மேடம் அந்தப் படி ஆடுது, மேடம் அந்த ஒயர் சூடாகுது என்று நிஜம் வந்து விழும். பதினொரு வருஷம். தினம் எத்தனை தடவை, எத்தனை நிமிஷம்? பட்டியலில் நூற்று இருபத்தொன்பதாவது வரிசை: பாதுகாப்பு அலுவலர், சுற்றிப் பார்த்தல். ஆபத்து ஒன்று, தடவை இரண்டு. இரண்டு. ஏற்பாடே தேவையில்லை, ஆரம்பத்திலிருந்தே பச்சை. நூற்று முப்பத்தாறு வரிசையையும் எழுதின கை அதையும் எழுதியது.

பயம் கொஞ்ச நேரம் இருந்தது. கழுத்தில் ஏறி, காது மடலில் சூடாக நின்றது. பிறகு, அவள் எதிர்பார்க்காத மாதிரி, இறங்கிவிட்டது. காது போனதற்குச் சந்தோஷப்பட முடியுமா? முடியாது. ஆனால் அந்தக் காது வழியாக உள்ளே வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது: ஆடுகிற படி, சூடாகிற ஒயர், ஈரமாக இருந்தால் மணல் முனகும் மேடம், கிட்டக் கொண்டுபோகும்போதே ஸ்ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும் என்று சென்னியப்பன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னது. அதற்கு எந்தக் கட்டத்தில் நம்பர் போடுவது? போட முடியாதது நிறைய இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவள் பட்டியலை விடவில்லை. மாசா மாசம் திறக்கிறாள், திருத்துகிறாள், நிறம் மாறினால் இப்போதும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டம் பச்சையானதும் எழுந்து கீழே போய்விடுகிறாள். இன்னைக்கு என்ன செஞ்சீங்க, என் தாள்ல இல்லாதது ஏதாச்சும் சொல்லுங்க என்று கேட்கிறாள். முதலில் முழித்தார்கள். இப்போது அவள் கேட்கும் முன்பே சொல்கிறார்கள். அதில் பாதி வீண் பேச்சு. அந்தப் பாதியும் நன்றாகத்தான் இருக்கிறது. நாலாயிரம் போகட்டும், மிச்சம் இருக்கிறதல்லவா, இனி ஒழுங்காக இருந்தால் இருக்கிறது நிற்கும், ஆட்களை மரத்தடிக்குக் கூப்பிட்டு வைத்துப் பேசலாம். பீப். இது நிஜமாகவே வந்தது. அழுத்தினாள். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். அவர் கதவைத் திறக்க இன்னும் இரண்டு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை.

கதவு திறந்ததும் உலகம் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தது. இம்மானுவேல் தாளை நீட்டினார். இடது காதின் கோடு நேர். வலது காதின் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் குழி. "வலதுல கொஞ்சம் குறைஞ்சிருக்கு மேடம். இரைச்சல்ல நிக்கறவங்களுக்கு வர்ற மாதிரி. ஆனா உங்களை ஆபீஸ் ஸ்டாப்னுதானே எழுதியிருக்கு?"

"அடிச்சிட்டு பவுண்டரின்னு எழுதுங்க."

எழுதினார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "இன்னொண்ணு மேடம். சத்தமே குடுக்காதப்ப நீங்க பதினோரு தடவை அழுத்தியிருக்கீங்க."

"நிஜமாக் குடுத்ததுல எத்தனை விட்டேன்?"

"நாலு."

"சரி," என்றாள் கோகிலவாணி. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டையும் சேத்தே எழுதிக்குங்க."

வேனின் படியில் அடுத்த ஆளாக வஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் கேன்டீன் பெண்கள் நாலு பேரும் பட்டியலில் உண்டு. நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தாள், ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி. கோகிலவாணி இறங்கியதும் எழுந்து, வலது பக்கமாக வந்து நின்று, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்திருந்தது. உதடு அசைந்ததுதான் தெரிந்தது. வேறு நாளென்றால் சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். நின்றாள்.

"அக்கா, இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தக் காது சரியாக் கேக்கலை."

வஞ்சியம்மாள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். "ஒண்ணுமில்ல அம்மிணி, உங்ககிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். ஸ்டோருக்குப் பின்னால போர்க்லிப்ட் நிறுத்தற எடத்துல ஒரு நாயி குட்டி போட்டிருக்குது. டிரைவர் பாவம் பாத்து மூணு நாளா வண்டிய அங்க நிறுத்தறதில்ல. கரண்டு ரூமு கதவுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்திப்போடறானுங். கதவைத் தொறக்கவே முடியாதாட்டம் நிக்குது. தப்புங்களா அது?"

கோகிலவாணி அவள் தோளைத் தொட்டாள். "எத்தனை குட்டி?"

"அஞ்சு. ஒண்ணு மட்டும் பூரா வெள்ளை."

"நீங்க உள்ள போய் உக்காருங்க்கா. நான் போய்ப் பாத்துக்கறேன்."

தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டோர் பக்கம் நடந்தாள். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து வஞ்சியம்மாள், கம்ப்ரஸரையும் மீறி, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"பாத்துப் போங் அம்மிணி! தாயி கடிச்சுப்போடும்!"